வெள்ளைக் கால் நரி

ஹாலி பண்ணை, ஷ்ராப்ஷயர்
14 அக்டோபர் 1934

அன்புத் தம்பி வில்ஃப்ரெட்டுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உன் சுகத்தையும் ஐவியின் சுகத்தையும் எழுது. அவளுக்கு இருமல் விட்டதா? லண்டன் புகையில் எங்கே விடப்போகிறது, ஆனாலும் கேட்டுவைக்கிறேன்.

குளிர்காலக் கோதுமை நாலு விரல் உயரம் வந்திருக்கிறது. மேற்கு வேலியோரம் மட்டும் தரை வழித்துவிட்ட மாதிரி கிடக்கிறது, எல்லாம் முயல். அதனால் தினமும் பொழுது சாய்வதற்கு முன்பே அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேலியில் இருக்கிற மேட்டுக் கேட்டுக்குப் போய்விடுகிறேன். ஆமோஸ் பிராசரும் வருகிறார். இந்தச் சரிவு முழுக்க எஸ்டேட்டுக்காக முயல் கண்ணி வைப்பவர் அவர்தான். உனக்கு ஞாபகம் இருக்கும்: சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பாரே, அவர்.

அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து காத்திருக்கிறோம், அவ்வளவுதான். முதலில் குட்டி முயல்கள் வரும். அவற்றை விட்டுவிட வேண்டும். பிறகு பெரிசுகள் வரும். ஒன்றைச் சுட்டதும் எழுந்து ஓடி எடுக்கக்கூடாது என்பது ஆமோஸின் சட்டம். செத்தது கிடக்கட்டும் என்று அசையாமல் இருந்தால் மற்றவை கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் நாங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். நேற்று வெள்ளைக் கூகை ஒன்று தொப்பியைத் தொடுகிற உயரத்தில் சத்தமே இல்லாமல் போனது. பெட்டை மான் ஒன்று ஓடைப் பக்கத்திலிருந்து ஏறி வந்து, செத்த முயலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. ஆமோஸ், "அதுக்கு நம்ம மேல கோபம்" என்றார். நேற்று மாலை முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

நரியும் வரும். அதைச் சுடுகிற பேச்சே இல்லை. நிலத்துக்கு உடையவர் மேஜர் ஸ்டான்வே, வேட்டைக் குழுவுக்குத் தலைவரும் அவரே. அவர் குதிரையும் நாய்களும் துரத்திக் கொல்வதற்கென்றே நரி இங்கே வளர்கிறது, சுட்டது தெரிந்தால் குத்தகை போய்விடும். கோழி போனால் வேட்டைக் குழு ஈடு கொடுக்கும். ஆட்டுக்குட்டி போனால், நாய் தின்றிருக்கும் என்று காரியஸ்தர் க்ரம்ப் சொல்லிவிடுவார். போன வாரம் அவர்கள் குதிரைகள் நம் கோதுமை மேலேயே போயின. மேஜர் எனக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். நானும் தலையாட்டினேன், வேறு என்ன செய்வது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹெஸ்டர்


லண்டன்
4 நவம்பர் 1934

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இருமல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஐவி உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தபோது இருமவே இல்லை. மான் கோபித்துக்கொண்டதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். நீயும் முழங்கால் வலியைக் கவனித்துக்கொள்.

கடையில் இப்போது மூச்சுவிட நேரமில்லை. வேட்டைக் காலம் தொடங்கிவிட்டதால் கனவான்கள் எல்லாரும் சவாரி பூட்ஸுக்கு வரிசை கட்டுகிறார்கள். யார் வந்தார் தெரியுமா, நம் மேஜர் ஸ்டான்வே! நான்தான் அளவு எடுத்தேன். மண்டியிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் ஹாலி பண்ணை ஹெஸ்டர் கிட்டின்ஸோட தம்பி" என்றேன். அப்படியா என்று சிரித்துவிட்டு அரைமணி நேரம் நம் ஊரைப் பற்றியே பேசினார். முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கடையில் பதினோரு வருஷமாக யாரும் என் பேரைக் கேட்டதில்லை அக்கா.

இன்னும் எழுது. உன் மாலைப்பொழுதுகள்தான் எனக்கு இங்கே காற்று.

உன் தம்பி
வில்ஃப்ரெட்


ஹாலி பண்ணை
20 பிப்ரவரி 1935

அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், அதைத் தாண்டி உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குட்டி போடும் காலத்தில் தூக்கம் ஏது. ஐவிக்கு வெங்காயத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடு. அம்மா அப்படித்தான் செய்வாள்.

ஏழு குட்டி போய்விட்டது. தாயாடு இரண்டாவது குட்டியைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நரி முதல் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒன்றின் நாக்கை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது. அது கத்த முயன்றுகொண்டே என் கையில் செத்தது. க்ரம்பிடம் போய்ச் சொன்னேன். "நாயா இருக்கும், மிஸ் கிட்டின்ஸ்" என்றார், சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

நேற்று மாலை ஆமோஸ் வருவதற்கு முன்பே கேட்டுக்குப் போய்விட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து அது இறங்கி வந்தது. நான் இதுவரை பார்க்காத ஆண் நரி, நல்ல உயரம், இடது முன்காலில் முட்டிவரை வெள்ளை. வேலியைத் தாண்டி நின்று, ஏதோ சந்தையில் தேர்ந்தெடுப்பது போல ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. சுட்டுவிட்டேன். தோளுக்குப் பின்னால், ஒரே குண்டு. பிறகு ஆமோஸின் சட்டத்தையும் மறந்து எழுந்து ஓடினேன். சாக்கில் போட்டுக் கட்டி முடித்தபோது அவர் வந்தார்.

நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சாக்குல என்னன்னு சொல்லாதீங்க. பாக்காததப் பத்தி எவன் கேட்டாலும் நான் பொய் சொல்ல வேணாம்" என்றார். பிரிக்காமலே தோளில் போட்டுக்கொண்டு போய் எங்கோ புதைத்துவிட்டு வந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குட்டி வேலை எல்லாம் முடிந்ததும் என்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. என்ன விஷயம் என்று தெரியாத குழந்தை இல்லை. மனசுக்குள் பதிலையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்காதே.

நரி சமாச்சாரத்தைப் பற்றி உன்னை எச்சரிக்க வேண்டியதில்லை. நீயும் இந்த மண்ணில் பிறந்தவன்.

ஹெஸ்டர்


லண்டன்
10 மார்ச் 1935

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். வெங்காயத் தேன் நாற்றத்தில் ஐவி வீட்டை விட்டே ஓடப் பார்த்தாள், ஆனால் குணம் தெரிகிறது.

ஆமோஸா! அவர் வாயைத் திறந்து பேச வேண்டும் என்று சொன்னதே செய்தித்தாளில் போட வேண்டிய விஷயம். எனக்குச் சந்தோஷம், நிஜமாகவே. ஒரே குண்டில் தோளுக்குப் பின்னால் என்று படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குக்கூட அந்தக் கை இல்லை.

மேஜர் போன வியாழக்கிழமை பூட்ஸ் எடுக்க வந்தார், கூட இரண்டு நண்பர்கள். எனக்காகவே காத்திருந்து என்னைத்தான் கூப்பிட்டார். அன்றைக்கு நான் என்ன பேசினாலும் சிரித்தார்கள். பத்து ஆண்பிள்ளைகள் செய்கிற வேலையை என் அக்கா ஒருத்தி செய்வாள் என்று சொன்னேன். "அப்படியா, சொல்லு, சொல்லு" என்றார் மேஜர். முதலாளி என்னைக் கடையின் முன்பக்கத்துக்கு மாற்றப்போகிறாராம்.

மற்றவை அடுத்ததில். முழங்காலைக் கவனி.

வில்ஃப்ரெட்


ஹாலி பண்ணை
27 மார்ச் 1935

வில்ஃப்ரெட்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை.

முந்தாநாள் குத்தகை நாள் அல்லவா, க்ரம்ப் வந்தார். வருகிற வருஷம் இதே நாளில் பண்ணையைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்றேன். க்ரம்ப் குதிரை ஏறினார். ஏறிய பிறகு குனிந்து, "இடது முன்கால் வெள்ளையாமே? அழகான மிருகமா இருந்திருக்கும். மேஜருக்கு ரொம்ப வருத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், நீ, ஆமோஸ். நீ லண்டனில் இருக்கிறாய். ஆமோஸ் எஸ்டேட் சம்பளம் வாங்குகிறார்.

அன்று மாலை கேட்டுக்குப் போனேன். ஆமோஸ் முகத்தைக் கழுவி, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பேச வேண்டும் என்று சொன்ன விஷயத்தைப் பேசத்தான் வந்திருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் அவரை வாயைத் திறக்கவிடவில்லை. "சாக்கைத் தூக்கிட்டுப் போனது புதைக்கவா, காட்டிக் குடுக்கவா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கை வரவில்லை. அவர் ஒன்றுமே மறுக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி, ஹெஸ்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாளாக அந்தச் சரிதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. குற்றம் செய்தவன் இப்படியா போவான்? கேட்டு வைக்க எனக்கு வேறு யாரும் இல்லை. நான் செய்தது சரிதானா, தம்பி? தப்பு என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், அவர் வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. சீக்கிரம் எழுது.

ஹெஸ்டர்


லண்டன்
19 மே 1935

அன்பு அக்காவுக்கு,

இவ்வளவு தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஐவிக்கு மறுபடி உடம்பு சரியில்லை, கடையிலும் முன்பக்கத்து வேலை புதிது. உன் கடிதம் பார்த்து நாங்கள் இருவரும் மிகவும் வருந்தினோம். ஐவி அழுதாள்.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது. நான் தூரத்தில் இருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. அவ்வளவு பேசாமல் இருக்கிறவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? எஸ்டேட் ஆள் எஸ்டேட் ஆள்தான். நீ அவர் வீட்டுக்குப் போய் நிற்காதே. நமக்கென்று ஒரு மானம் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன அறை இருக்கிறது. நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம். நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

உன் அன்புத் தம்பி
வில்ஃப்ரெட்


ஹாலி பண்ணை
23 ஜூன் 1935

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஐவி தேறியிருப்பாள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

நீ சொன்னபடி அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆமோஸ் ஏப்ரலிலேயே எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டாராம். கண்ணி வைக்க ஆளில்லாமல் முயல் பெருகி, பார்லியில் பாதி போய்விட்டது. அடுத்த வருஷம் வேறு யாரோ அறுக்கப்போகிற நிலத்துக்குக் காவல் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் பொழுது சாய்ந்தால் கால் தானாக மேட்டுக் கேட்டுக்குப் போய்விடுகிறது. ஒன்றைச் சுட்டுவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாதபோது அந்த இடைவெளி ரொம்ப நீளம்.

நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோது வில்லோ தோப்பிலிருந்து நரிக்குட்டிகள் விளையாட வெளியே வந்தன. நாலு குட்டி. வண்டைத் துரத்தி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. செத்த முயல் எதிரே கிடக்க, நான் சிரித்துவிட்டேன். அதில் ஒன்றுக்கு இடது முன்கால் வெள்ளை.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமோஸ் சாக்கைப் பிரிக்கவே இல்லை. கால் வெள்ளை என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேஜர் இன்னும் உன் கடைக்கு வருகிறாரா?

ஹெஸ்டர்


லண்டன்
11 ஆகஸ்ட் 1935

அன்பு அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம், உன் நலமே எங்கள் கவலை. இந்த வருஷம் லண்டனில் வெயில் தாங்கவில்லை. ஐவிக்கு அது நல்லதுதான், இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள், மாலையில் நாங்களும் போய்க் கேட்கிறோம்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உனக்காக நானே வேலை நேரத்துக்குப் பிறகு தைத்த பூட்ஸ். தோல் நல்ல தோல், சேற்றில் பத்து வருஷம் உழைக்கும். உன் கால் அளவு எனக்கு மனப்பாடம். சின்ன வயசில் உன் பழைய பூட்ஸைத்தானே நான் போட்டு வளர்ந்தேன்.

குட்டிகள் விளையாடியதை ஐவி மிகவும் ரசித்தாள்.

வில்ஃப்ரெட்


ஹாலி பண்ணை
15 செப்டம்பர் 1935

வில்ஃப்ரெட்,

ஐவிக்கு இருமல் குறைந்தது நல்ல செய்தி. பார்சல் வந்தது. உழைப்பு தெரிகிறது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஹெஸ்டர்


லண்டன்
20 டிசம்பர் 1935

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். புது வருஷம் உனக்கு நல்லதாக அமையட்டும். உடம்பு எப்படி? அங்கே பனி கடுமை என்று செய்தித்தாளில் பார்த்தேன். கடையில் வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. சின்ன அறைக்கு ஐவி புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். நீல நிறம், உனக்குப் பிடிக்கும் என்றாள். மார்ச்சில் நீ வந்தால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

வில்ஃப்ரெட்


ஹாலி பண்ணை
24 மார்ச் 1936

வில்ஃப்ரெட்டுக்கு,

ஐவி எப்படி இருக்கிறாள்? அவளுக்காக மட்டும் கேட்கிறேன். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, நீலத் திரைக்கு என் நன்றியைச் சொல்.

நாளை குத்தகை நாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தொழுவத்தில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

ஜனவரியில் வேட்டைக் குழு வந்தது. வெள்ளைக் கால் குட்டி வளர்ந்து ஜோராக இருந்தது. நம் பார்லி நிலத்து மூலையில் நாய்கள் அதைப் பிடித்துக் கிழித்தன. அவை கிழித்து முடிப்பதற்குள் நாய்களைப் பார்க்கிற ஆள் ஓடிப்போய் அந்த ஒரு காலை மட்டும் காப்பாற்றி அறுத்து எடுத்துவிட்டான். முதலில் வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மேஜர் அதைப் பரிசாகக் கொடுத்தார். வெள்ளியில் பொருத்திச் சுவரில் மாட்டுவார்களாம். எல்லாரும் கைதட்டினார்கள். அதன் தகப்பனை நான் ஒரே குண்டில் கொன்றேன், அதற்குத்தான் வீட்டைப் பறித்தார்கள்.

பிப்ரவரியில் ஆமோஸைத் தேடிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் நடந்து போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் மன்னிப்பில் தொடங்கவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. "நீங்க சாக்கைப் பிரிக்கவே இல்லையே. வெள்ளைக் கால்னு க்ரம்புக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவர் கோடரியைக் கீழே வைத்தார்.

"நீங்க என்னைத் திட்டின அன்னிக்குக் காலைலயே எனக்குத் தெரியும். நாய்ப் பட்டியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கிட்டிருந்தாங்க. மேஜருக்கு பூட்ஸ் மாட்டிவிடும்போது உங்க தம்பி நடிச்சே காட்டினாராம். ஒரே குண்டு, இடது கால் வெள்ளைன்னு."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அப்பதான் உங்களுக்கு வீடு போச்சு. மிச்சம் இருந்தது ஒரு தம்பி. அதையும் என் வாயாலயா எடுத்துப் போடணும்?" என்றார். பிறகு விறகை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோபத்துல சொன்னது, ஆறினதும் வருவீங்கன்னு ஏப்ரல் கடைசி வரைக்கும் இருந்தேன், ஹெஸ்டர். நீங்க வரல."

உள்ளேயிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டாள். விதவை, இரண்டு பிள்ளைகள். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணமாம். எனக்கும் ஒரு கோப்பை டீ கொடுத்தாள். நல்ல மாதிரியானவள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் யாரும் பேர் கேட்காதவன், பெரிய மனிதர் மூன்று பேர் சிரித்ததும் கையில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாய். அதை நான் என்றைக்காவது மன்னித்திருப்பேன். அழுதுகொண்டாவது மன்னித்திருப்பேன். ஆனால் நான் உன்னிடம் ஒரு வரி கேட்டேன், வில்ஃப்ரெட். கேட்டு ஐம்பது நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டு, அந்த மனிதர் மேல் எப்போதுமே சந்தேகம் உண்டு என்று எழுதினாய். எஸ்டேட் ஆள் எஸ்டேட் ஆள்தான் என்று எழுதினாய். போய் நிற்காதே என்றாய். உன் கடிதம் வந்த அன்றே போயிருந்தாலும் அவர் அதற்குள் கிளம்பியிருப்பார், ஆனால் பின்னாலேயே போயிருப்பேன். மலையைத் தாண்டுவது எனக்கு ஒரு காலைப்பொழுது. உன் மேல் பழி வராமல் இருக்க அவர் வாயை மூடிக்கொண்டார். நீ அவர் மேல் பழி போட்டுக் கையெழுத்தும் போட்டாய்.

இன்று மாலை கடைசியாக மேட்டுக் கேட்டுக்குப் போய் வந்தேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகவில்லை. முயல்கள் என் காலடி வரைக்கும் வந்து மேய்ந்தன. கூகை வந்தது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ தைத்த பூட்ஸைத் திருப்பி அனுப்புவதற்காகக் கட்டி வைத்திருந்தேன். நாளை நடக்க வேண்டிய தூரம் அதிகம், என்னுடைய பழையவை இரண்டும் பிய்ந்துவிட்டன. அதனால் கட்டை அவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். எங்குமே கடிக்கவில்லை. போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. நான் லண்டனுக்கு வரவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கே என்று எழுத மாட்டேன். உன்னிடம் சொன்னால் யாராவது ஒருவர் சிரிப்பதற்காக அதையும் சொல்லிவிடுவாய்.

ஹெஸ்டர்